முழங்காற் சிரட்டை நழுவுகிறதா? நெடுந்தீவுக் குதிரைக்குத் தெரிந்த வித்தை உங்களுக்குத் தெரியுமா?

நெடுந்தீவின் வெட்டவெளியில் மேயும் அந்தக் கட்டைக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வம்சம் அது. அவை நின்றபடியே கண்ணயர்வது எப்படித் தெரியுமா? பின்னங்காலின் சிரட்டையைத் தொடை எலும்பின் அடிமுனையில் இருக்கும் மேட்டில் கொளுவிவிடும்! கால் அப்படியே பூட்டிக்கொள்ளும். பிறகு தசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும்தான் குதிரை படுக்க வேண்டும்.

தீக்கோழிக்கு ஒரு காலுக்கு இரண்டு சிரட்டைகள் உண்டு தெரியுமா? பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்கும் சிரட்டை விலகும், ஆனால் பெரும்பாலும் உட்பக்கமாக! மனிதருக்கோ ஏறக்குறைய எப்போதும் வெளிப்பக்கமாகத்தான் விலகும். பிறந்த குழந்தையின் முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் சிரட்டையே தெரியாது! அப்போது அது வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில்தான் எலும்பாகத் தொடங்கும்.

உடம்பிலேயே தடித்த குருத்தெலும்பு எங்கே இருக்கிறது? சிரட்டையின் பின்புறத்தில்! காரணம் இல்லாமல் இல்லை. படி ஏறும்போது சிரட்டையின் மேல் உங்கள் உடல் எடையைப்போல மூன்று மடங்கு அழுத்தம் விழும். கிணற்றடியில் நன்றாகக் குந்தியிருந்து உடுப்புத் தோய்த்தால் அது ஏழு, எட்டு மடங்கு வரை ஏறும்! இவ்வளவையும் தாங்கும் அந்தச் சிறு எலும்பு ஓடுவது தொடை எலும்பின் அடியில் உள்ள ஒரு வாய்க்காலில்தான். வாய்க்கால் ஆழமாக இருந்தால் சிரட்டை அதைவிட்டு வெளியே போகாது. ஆழம் இல்லாவிட்டால்?

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது விளங்கும். கோட்டில் மறிப்பவரை ஏமாற்ற ஒரு காலை ஊன்றி உடம்பைச் சட்டென்று மறுபக்கம் திருப்புவோம். பாதம் மண்ணில் நிற்க, தொடை உள்ளே திரும்ப, அந்த ஒரு கணத்தில் சிரட்டை வெளியே துள்ளிவிடலாம்! வலைப்பந்தும் அப்படித்தான். பந்தைப் பிடித்ததும் காலை நிறுத்தியே ஆக வேண்டும் என்பது அதன் விதி. இரண்டு மீற்றருக்கும் மேல் உயரமான வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை உலகுக்குத் தந்த மண் இது. எங்கள் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகள் வலைப்பந்து ஆடுகிறார்கள்! சிரட்டை முதன்முதலாக விலகுவதும் பெரும்பாலும் பத்து முதல் இருபது வயதுக்குள்தான்.

சிரட்டையை உட்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் ஒரு மெல்லிய இணைப்புநார் உண்டு. கால் நீட்டியிருக்கும்போது வெளிப்பக்க நழுவலைத் தடுக்கும் வலுவில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாரில்தான் இருக்கிறது! முதல் விலகலிலேயே அது அநேகமாக எல்லோருக்கும் கிழியும். கிழிந்தது தளர்ந்து ஆறும். இரண்டாம் தடவையும் விலகிவிட்டால் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மறுபடியும் விலகும் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. ஆகவே "நான் கவனயீனமாக இருந்துவிட்டேன்" என்று தன்னையே நோகும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்: பிழை உன்னில் இல்லை!

அதற்கும் ஆதாரம் உண்டு. பிரான்ஸின் லியோன் நகரத்து மருத்துவர் ஆன்றி டெஜூர் 1980-களில், திரும்பத் திரும்ப விலகும் முழங்கால்களின் பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தார். மிகப் பெரும்பாலானவற்றில் அந்த வாய்க்கால் பிறவியிலேயே ஆழமில்லாமலோ தட்டையாகவோ இருந்தது! சிலருக்குச் சிரட்டை இருக்க வேண்டிய இடத்தைவிட உயரத்தில் இருக்கும். சிலருக்கு உடம்பின் மூட்டுகள் எல்லாமே இளக்கமாக இருக்கும். கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொட முடிகிறதா? நின்றபடி முழங்கால் மடியாமல் உள்ளங்கைகளை நிலத்தில் வைக்க முடிகிறதா? மருத்துவர் இவற்றையும் பார்த்துப் புள்ளி போடுவார். எந்தக் காரணம் யாருக்கு என்று தெரியாமல் சிகிச்சையைத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

விலகிய கணத்தில் என்ன செய்வது? பெரும்பாலும் காலை மெல்ல நீட்டும்போது சிரட்டை தானாகவே இடத்துக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மைதானத்தில் நிற்பவர்கள் இழுத்துப் பார்க்க வேண்டாம். 1990-ஐ அழையுங்கள்! சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018 ஜூலையில், யாழ்ப்பாணத்தில் நடந்த தொடக்க விழாவோடு. ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. சிரட்டை விலகுவது வேறு, முழங்கால் மூட்டே கழன்றுபோவது வேறு. இரண்டாவதில் முழங்காலின் பின்னால் ஓடும் பெரிய இரத்தக்குழாய் சேதப்படலாம். பாதம் குளிர்ந்தாலோ விறைத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது.

இனித்தான் உண்மையான அதிசயம்! வீங்கிய முழங்காலுக்குள் நீரோ இரத்தமோ கொஞ்சம் சேர்ந்தாலே, சிரட்டையை உட்பக்கம் இழுக்கும் தொடைத் தசைக்கு நரம்பு வழியாக வரும் கட்டளை அடங்கிப்போகிறது தெரியுமா? இருபது, முப்பது மில்லிலீற்றரே போதும். நோ இல்லாவிட்டாலும் இப்படித்தான்! காவலுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்திலேயே காவற்காரன் தூங்கிவிடுகிறான். கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் அவன் இன்னும் ஆழ்ந்து தூங்குவான். இரண்டு மூன்று கிழமைகளிலேயே தொடை மெலிவதை வீட்டிலுள்ளவர்களே காணலாம்.

எங்கள் ஊர் முறிவு நெரிவு வைத்தியத்தில் எனக்கு மதிப்பு உண்டு. புக்கை கட்டி நோவெண்ணெய் பூசி ஆறுதல் கண்ட குடும்பங்கள் குடாநாடெங்கும் இருக்கின்றன. கைதடியில் சித்த மருத்துவம் 1984 முதல் பல்கலைக்கழகப் படிப்பாகவே இருக்கிறது. ஆனால் எண்ணெய் நோவைத் தணிக்கலாம், தொடையை வளர்க்காது. தொடையை வளர்ப்பது பயிற்சி ஒன்றுதான்.

அந்தப் பயிற்சி எவ்வளவு எளிது தெரியுமா? காலை நீட்டி இருந்து, முழங்காலின் கீழ் சுருட்டிய துவாய் ஒன்றை வைத்து, அதை ஐந்து விநாடி கீழே அமத்திப் பிடிக்க வேண்டும். தொடையின் உட்பக்கம் இறுகுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கலாம். பிறகு கால் மடியாமல் உயர்த்துவது. பிறகு பக்கவாட்டில் படுத்து மேற்காலைத் தூக்குவது. முழங்காலுக்கு நோய் வந்தால் இடுப்புக்கு ஏன் பயிற்சி? இடுப்புத் தசை தளர்ந்தால் அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் உள்ளே சாயும், சிரட்டை வெளியே தள்ளப்படும்! எதை எப்போது, எத்தனை தடவை என்பதை வைத்தியசாலையின் பிசியோதெரபி பிரிவில் கேட்டுச் செய்வதே நல்லது.

இந்த விடயத்தில் யாழ்ப்பாணத்தான் கொடுத்து வைத்தவன்! மலையே இல்லாத குடாநாடு, வீட்டுக்கு வீடு சைக்கிள். வீக்கம் வடிந்து முழங்கால் நன்றாக மடியத் தொடங்கியதும், சமதரையில் சைக்கிள் மிதிப்பதைப்போல நல்ல மருந்து குறைவு. ஆசனத்தை மட்டும் உயர்த்திவிடுங்கள். தாழ்ந்த ஆசனத்தில் முழங்கால் அதிகமாக மடிந்து சிரட்டையில் அழுத்தம் கூடும். அடுத்தது கடல். காரைநகர் கசூரினாக் கரையில் நெடுந்தூரம் போனாலும் ஆழம் குறைவு. இடுப்பளவு நீரில் நின்றால் கால் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிறது! ஒருவர் கையைப் பிடித்தபடி அந்த நீரில் நடப்பது, நிலத்தில் நடக்கப் பயப்படுபவருக்கு எவ்வளவு தெம்பு!

பயிற்சி மட்டும் போதாதவர்களுக்கு அறுவைச் சிகிச்சை உண்டு. அந்தப் பேச்சு எங்களுக்குப் புதிதல்ல. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், சத்திர சிகிச்சை நூலை 'இரண வைத்தியம்' என்று 1867-லும், உடற்கூற்று நூலை 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872-லும் தமிழில் வெளியிட்டார் தெரியுமா? எலும்பையும் மூட்டையும் பற்றிய மேலைத்தேய மருத்துவத்தை எங்கள் பிள்ளைகள் அன்றே தமிழில் படித்து வைத்தியரானார்கள்! அந்த உடற்கூற்று நூல் வந்து பதினாறு ஆண்டுகளில், 1888-ல், சுவிற்சர்லாந்தின் சேசார் ரூ என்ற சத்திர சிகிச்சை நிபுணர், திரும்பத் திரும்ப விலகும் சிரட்டைக்கு ஓர் அறுவைச் சிகிச்சையை விவரித்தார். சிரட்டையின் நாண் கணைக்கால் எலும்பில் பொருந்தும் இடத்தையே உட்பக்கமாக மாற்றி வைத்தார்! அதன் திருத்திய வடிவங்கள் இன்றும் நடக்கின்றன. இன்று அதிகம் நடப்பது இன்னொன்று: தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றை எடுத்து, கிழிந்த அந்த மெல்லிய நாருக்குப் பதிலாகப் பொருத்துவது. வளரும் பிள்ளைக்கு எலும்பை வெட்டி மாற்ற முடியாது. வளர்ச்சி முடியும்வரை பொறுக்க வேண்டும்.

பட்ரிக் மஹோம்ஸ் என்ற 'அமெரிக்கன் ஃபுட்போல்' வீரருக்கு 2019 ஒக்டோபர் 17 அன்று ஆட்டத்தின் நடுவிலேயே சிரட்டை விலகியது. மைதானத்திலேயே அதை இடத்தில் சேர்த்தார்கள். மூன்றரைக் கிழமையில் திரும்பி வந்தார், 2020 பெப்ரவரியில் தன் அணியோடு 'சூப்பர் போல்' கிண்ணமும் வென்றார்! இதைக் கேட்டு எங்கள் பிள்ளைகளை அவசரப்படுத்தக் கூடாது. அவருக்கு அது முதல் விலகல், சேதமும் குறைவு. நார் மாற்றியவர்களுக்கு விளையாட்டுக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ பிடிக்கும். தேதி பார்த்துத் திரும்புவதைவிட, நோயுற்ற காலின் வலு மற்றக் காலின் வலுவில் தொண்ணூறு வீதத்தைத் தொட்டதா, ஒற்றைக் காலில் துள்ளி உறுதியாக நிற்க முடிகிறதா என்று பார்த்துத் திரும்புவதே பாதுகாப்பு.

பயமும் ஒரு காயம்தான். சிரட்டையை மருத்துவர் விரலால் வெளிப்பக்கம் மெல்லத் தள்ளினாலே நோயாளி பதறி அவர் கையைப் பிடிப்பார். அந்தப் பதற்றமே ஒரு பரிசோதனை முறை! தசை தேறிய பிறகும் சிலர் படிக்கட்டில் தயங்குவார்கள். அவர்களை "இன்னுமா பயம்?" என்று கேலி செய்யாதீர்கள். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்ற பெயரில் இருந்த இன்றைய பீடம்போல நடனம் பயிலும் இடங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். சிரட்டை விலகிய மாணவி மறுபடி அரைமண்டியில் இருக்கும்போது, திருப்பம் முழுக்க இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வெளியே திருப்பி முழங்காலை உள்ளே விட்டால், சிரட்டையை வெளியே இழுக்கும் அதே விசை மீண்டும் வேலை செய்யும். முதலில் கண்ணாடி முன்னால், கொஞ்சமாக மட்டும் இறங்கி, முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்துத் தொடங்கலாம். முழுமண்டிக்கு அவசரமே இல்லை.