சதுரங்கள் சேர்ந்தால் போர்வை

குரோஷே என்பது முனை வளைந்த ஒரே ஓர் ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துத் துணி உருவாக்கும் கைவேலை ஆகும். மேசைவிரிப்பு, கைப்பை, தொப்பி, குழந்தைகளுக்கான காலுறை எனப் பல பொருள்களை இவ்வாறு பின்னலாம். குரோஷே பின்னல்களுள் உலகெங்கும் பெயர் பெற்றது ‘கிரானி ஸ்குவேர்’ எனப்படும் பாட்டிச் சதுரம். அறியப்பட்டவற்றுள் மிகப் பழைமையான இதன் செய்முறை, 1885ஆம் ஆண்டில் அமெரிக்க உழவர்களுக்காக வெளிவந்த ‘பிரெய்ரி ஃபார்மர்’ என்னும் இதழில் அச்சாகியது. மிஞ்சிப்போன நூல்துண்டுகளை வீணாக்காமல் பயன்படுத்த இந்தச் சதுரம் மிகவும் ஏற்றது. ஒவ்வொரு சுற்றையும் வெவ்வேறு வண்ணத்தில் பின்னலாம் என்பதால், சிறிதளவு நூல் இருந்தாலும் அதற்கு ஒரு பயன் கிடைத்துவிடும்.

பாட்டிச் சதுரம் நடுவிலிருந்து வெளிநோக்கி வளர்கிறது. முதலில் நூலால் ஒரு சிறிய வளையம் அமைக்கப்படுகிறது. அதனுள் மும்மூன்று தையல்கள் கொண்ட நான்கு கொத்துகள் பின்னப்படுகின்றன. கொத்துகளுக்கு இடையே வரும் சங்கிலிக் கண்ணிகள் சதுரத்தின் நான்கு மூலைகளாகின்றன. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்துகள் இடம்பெறும். இதனால், இரண்டாம் சுற்றில் 8 கொத்துகளும் மூன்றாம் சுற்றில் 12 கொத்துகளும் அமைகின்றன. ஐந்து சுற்றுகள் பின்னிய ஒரு சதுரத்தில், ஒவ்வொரு பக்கத்திலும் 5 கொத்துகள், அதாவது 15 தையல்கள் இருக்கும். நான்கு பக்கங்களிலும் தையல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால்தான் ஒரு சதுரத்தை மற்றொரு சதுரத்தோடு எளிதாகப் பொருத்த முடிகிறது.

ஒரு சதுரம் உள்ளங்கை அளவே இருக்கலாம். அதைப் பின்னுவதற்குப் பெரிய இடமோ நீண்ட நேரமோ தேவையில்லை. பேருந்தில் செல்லும்போதும் மருத்துவமனையில் காத்திருக்கும்போதும் ஒரு சதுரத்தை முடித்துவிடலாம். ஆனால், தனிச் சதுரம் யாருக்கும் போர்வையாகாது. பல சதுரங்கள் இணைந்த பிறகே அது பயன்தரும். அந்த இணைப்பு உறுதியாக இல்லையெனில், மாதக்கணக்கில் செய்த வேலை சில சலவைகளிலேயே பிரிந்துபோகும். ஆகவே, பின்னுவதற்குக் காட்டும் அதே அக்கறையை இணைப்பதற்கும் காட்ட வேண்டும்.

இணைக்கும் வேலை எவ்வளவு முக்கியமானது என்பதைத் தென்னாப்பிரிக்காவில் நடைபெற்ற ஒரு தொண்டுப் பணி உணர்த்துகிறது. அந்நாட்டில் எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் உள்ளனர். ஜோகன்னஸ்பர்க் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால், ஜூன், ஜூலை மாதங்களில் அங்கு இரவுகள் கடுங்குளிராக இருக்கும். அக்குழந்தைகளுக்குப் போர்வைகள் வழங்க ‘நிட் எ ஸ்குவேர்’ என்னும் அமைப்பு ஓர் எளிய வழியைக் கண்டது. 20 செண்டிமீட்டர் நீளமும் 20 செண்டிமீட்டர் அகலமும் கொண்ட சதுரங்களைப் பின்னி அனுப்புமாறு உலக மக்களை அது கேட்டுக்கொண்டது. முழுப் போர்வையைப் பின்ன நேரமில்லாதவர்களாலும் ஒரு சதுரத்தைப் பின்ன முடிந்தது. 35 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு குழந்தைக்கு ஒரு போர்வை கிடைக்கும். அகலத்திற்கு 5 சதுரங்களும் நீளத்திற்கு 7 சதுரங்களும் வைத்தால், அது 100 செண்டிமீட்டர் அகலமும் 140 செண்டிமீட்டர் நீளமும் உடையதாகிறது.

அஞ்சலில் வந்து சேர்ந்த சதுரங்களை இணைத்துத் தைத்தவர்களுள் உள்ளூர்ப் பாட்டிமார்களும் அடங்குவர். ஜூலு மொழியில் பாட்டியைக் ‘கோகோ’ என்று அழைப்பார்கள். ஆகவே, பாட்டிச் சதுரங்கள் அங்கே உண்மையிலேயே பாட்டிகளின் கைகளால் போர்வைகளாயின. தைப்பவர்களின் வேலையை எளிதாக்க, சதுரத்தைப் பின்னி முடித்ததும் நூலை ஒட்ட வெட்டாமல், சுமார் 50 செண்டிமீட்டர் நீளத்திற்கு வால்போல விட்டு அனுப்பும்படி அமைப்பு கேட்டுக்கொண்டது. அந்த நூலைக் கொண்டே ஒரு சதுரத்தை அடுத்த சதுரத்தோடு தைக்கலாம்.

ஆயினும், பலர் பின்னிய சதுரங்களை இணைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே செய்முறையைப் பின்பற்றினாலும் இருவர் பின்னும் சதுரங்கள் ஒரே அளவில் அமைவதில்லை. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார். மற்றொருவர் தளர்வாகப் பிடிப்பார். நூலின் பருமனும் ஊசியின் அளவும் மாறினால் வேறுபாடு இன்னும் கூடும். அளவு மாறிய சதுரங்களை அப்படியே தைத்தால், போர்வை ஓரிடத்தில் சுருங்கியும் மற்றோரிடத்தில் உப்பியும் இருக்கும்.

இதனைத் தவிர்க்க, இணைப்பதற்கு முன் எல்லாச் சதுரங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தடித்த அட்டை அல்லது மெத்தென்ற பலகையில் தேவையான அளவில் ஒரு சதுரம் வரைந்துகொள்ள வேண்டும். பின்னிய சதுரத்தை அதன்மேல் விரித்து, நான்கு மூலைகளையும் பக்கங்களையும் துருப்பிடிக்காத குண்டூசிகளால் பொருத்த வேண்டும். பிறகு, தண்ணீரைத் தெளித்து, நன்றாகக் காயும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும். கம்பளி நூலும் பருத்தி நூலும் இம்முறையில் ஓரளவுக்கு விரும்பிய வடிவத்தைப் பெறும். சதுரம் மிகவும் சிறியதாக இருந்தால், அதை வலிந்து இழுக்கக்கூடாது. சுற்றிலும் இன்னும் ஒரு வரிசை பின்னினால் போதும்.

அடுத்து, நூல் முனைகளைக் கவனிக்க வேண்டும். வண்ணம் மாறும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முனைகள் தொங்கும். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிவிட்டால், சில சலவைகளுக்குப் பிறகு முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆகவே, முனையை மழுங்கிய ஊசியில் கோத்து, அதே வண்ணத் தையல்களுக்குள் ஒரு திசையில் செலுத்தி, பிறகு எதிர்த்திசையில் மீண்டும் செலுத்த வேண்டும். இவ்வாறு திருப்பிச் செலுத்திய நூல் எளிதில் நழுவாது.

அதன்பின், சதுரங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, வண்ணங்கள் பொருந்தியுள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒரே வண்ணச் சதுரங்கள் அருகருகே வந்துவிட்டால், அவற்றை இடம் மாற்றலாம். அமைப்பு முடிவானதும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு வரிசையையும் அடுக்கி, அதற்கு எண்ணிட்ட தாளைச் செருகி வைத்தால் வரிசை குழம்பாது.

சதுரங்களை இணைக்கப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் எளியது ‘விப் ஸ்டிட்ச்’ என்னும் சுற்றுத்தையல். இரண்டு சதுரங்களின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு வைத்து, விளிம்புகளைச் சுற்றி ஊசியால் தைத்துச் செல்ல வேண்டும். விளிம்பிலுள்ள ஒவ்வொரு தையலின் தலையிலும் இரண்டு நூலிழைகள் இருக்கும். வெளிப்புற இழைகளில் மட்டும் ஊசியைச் செலுத்தினால் இணைப்பு தட்டையாக அமையும். இரண்டு இழைகளிலும் செலுத்தினால் இணைப்பு வலுவாக இருக்கும். ஆனால், சற்றுத் தடித்துத் தெரியும். தைக்கும் பக்கத்தின் நீளத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் தேவைப்படும்.

இணைப்பு வெளியே தெரியக்கூடாது என்று விரும்புவோர் ‘மேட்ரஸ் ஸ்டிட்ச்’ முறையைக் கையாளலாம். இதில் சதுரங்களின் நல்ல பக்கங்கள் மேல்நோக்கி இருக்குமாறு அருகருகே வைக்கப்படுகின்றன. ஊசி ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கும் அங்கிருந்து மீண்டும் முதல் விளிம்புக்கும் ஏணிப்படிபோல மாறி மாறிச் செல்கிறது. சில தையல்களுக்கு ஒருமுறை நூலை மெதுவாக இழுத்தால், அந்த ஏணிப்படிகள் உள்ளே மறைந்துவிடும்.

மூன்றாவது முறை, குரோஷே ஊசியாலேயே இணைப்பது. இரண்டு சதுரங்களையும் சேர்த்துப் பிடித்து, இரண்டின் விளிம்புத் தையல்களுக்குள்ளும் ஊசியை விட்டு நூலை இழுத்து, ‘ஸ்லிப் ஸ்டிட்ச்’ போட்டுச் செல்ல வேண்டும். இது விரைவானது, உறுதியானது. நூல் உருண்டையிலிருந்து நேரே வருவதால், நூலை முன்கூட்டியே அளந்து வெட்ட வேண்டியதில்லை. ஆனால், இந்தத் தையல் அதிகம் நெகிழாது. ஆகவே, கொஞ்சம் பெரிய ஊசியைப் பயன்படுத்தித் தளர்வாகப் போடுவது நல்லது. சதுரங்களின் பின்பக்கங்களை ஒன்றாக வைத்து இணைத்தால், போர்வையின் மேற்புறத்தில் மேடான கோடுகள் தோன்றும். சிலர் அதையே அழகாகக் கருதி, வேறு வண்ண நூலைக் கொண்டு இணைப்பர்.

நான்காவது முறையில் தனியாகத் தைக்கும் வேலையே இல்லை. ஒரு சதுரத்தின் கடைசிச் சுற்றைப் பின்னும்போதே, அதை முன்பு முடித்த சதுரத்தின் இடைவெளிகளோடு கோத்துவிடலாம். இறுதியில் குவியலாகச் சதுரங்களை வைத்துக்கொண்டு திகைக்க வேண்டியதில்லை. ஆயினும், எந்தச் சதுரம் எங்கே வர வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இணைக்கும் ஒழுங்கும் வேலையின் அளவை மாற்றும். 35 சதுரங்கள் கொண்ட போர்வையில் இரண்டு சதுரங்கள் ஒட்டி நிற்கும் இடங்கள் 58 உள்ளன. ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாகத் தைத்தால் 116 நூல் முனைகளை மறைக்க வேண்டியிருக்கும். அதற்கு மாறாக, குறுக்குவாட்டில் உள்ள 6 கோடுகளை முதலில் ஓரத்திலிருந்து ஓரம்வரை நூலை வெட்டாமல் இணைக்கலாம். பிறகு, நெடுக்குவாட்டில் உள்ள 4 கோடுகளை அவ்வாறே இணைக்கலாம். அப்போது மொத்தம் 10 இணைப்புகளே இருக்கும். முனைகளும் 20 ஆகக் குறைந்துவிடும். வேலை குறைவதோடு, அவிழக்கூடிய இடங்களும் குறைகின்றன.

நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலையே போர்வையின் நலிவான இடம். போர்வையை இழுக்கும்போது அந்த இடத்திலேயே இழுவை அதிகமாகிறது. ஆகவே, குறுக்குத் தையலும் நெடுக்குத் தையலும் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் நூலைச் சற்று இறுக்கமாகக் கடத்த வேண்டும். மற்ற இடங்களில் இறுக்கினால் விளிம்பு சுருங்கும். தளர்த்தினால் இடைவெளி விழும். சில தையல்களுக்கு ஒருமுறை வேலையைத் தட்டையாக விரித்துப் பார்த்தால் குறை உடனே தெரிந்துவிடும். எல்லாச் சதுரங்களும் இணைந்த பிறகு, போர்வையைச் சுற்றி இரண்டு மூன்று வரிசைகள் கரையாகப் பின்னினால் ஓரங்கள் நேராகவும் உறுதியாகவும் அமையும்.

‘ஊர் கூடித் தேர் இழுத்தல்’ என்னும் வழக்குக்கு ஏற்ற நிகழ்ச்சி ஒன்று தமிழ்நாட்டிலும் நடந்தது. 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் குழுவினர் தாங்கள் பின்னிய துண்டுகளைச் சென்னையில் ஒன்றிணைத்தனர். அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். இது ஒரு காற்பந்துத் திடலின் பரப்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரியது. அப்போது உலகின் மிகப் பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் சாதனைப் பதிவில் அது இடம்பெற்றது. தனியொருவர் வாழ்நாள் முழுவதும் பின்னினாலும் எட்ட முடியாத அளவைப் பலர் சேர்ந்து எட்டினர்.

சதுரங்களால் ஆன போர்வைக்கு மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு சதுரம் கிழிந்துபோனால் முழுப் போர்வையையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்தச் சதுரத்தைச் சுற்றியுள்ள இணைப்பை மட்டும் கவனமாகப் பிரித்து, அக்கம்பக்கத்துத் தையல்கள் அவிழாமல் நூல் முனைகளை மறைத்துவிட்டு, அதே அளவில் புதிய சதுரம் ஒன்றைப் பின்னிப் பொருத்திவிடலாம். ஒரு குழந்தைக்காகத் தைத்த போர்வை, அதன் தம்பி தங்கைகளுக்கும் இவ்வாறு பயன்படும். பின்னுகிறவரின் பொறுமை சதுரத்தில் தெரியும்; இணைப்பவரின் பொறுப்பு அந்தப் போர்வை எத்தனை ஆண்டுகள் குளிரைத் தாங்குகிறது என்பதில் தெரியும்.