திறமூலத் தரவுத்தளங்களும் வணிகச் செலவுக் குறைப்பும்

திறமூலத் தரவுத்தளம் என்பது மூல நிரல் வெளிப்படையாகக் கிடைப்பதும், உரிமக் கட்டணமின்றி எவரும் நிறுவி, மாற்றி, பயன்படுத்தத் தக்கதுமான தரவுத்தள மேலாண்மை மென்பொருள் ஆகும். கணக்கு, இருப்பு, உற்பத்தி, ஏற்றுமதி ஆகிய விபரங்களைச் சேமிக்க வணிக நிறுவனங்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தை இவ்வகை மென்பொருட்கள் நீக்குகின்றன. ஆயினும் பராமரிப்பு, பயிற்சி, காப்புப்படி ஆகியவற்றுக்கான செலவு நீங்குவதில்லை.

செலவின் கூறுகள்

தனியுரிமத் தரவுத்தளங்களின் விலை பெரும்பாலும் வழங்கிக் கணினியிலுள்ள செயலிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆரக்கிள் நிறுவனம் வெளியிட்ட விலைப்பட்டியலில், இரண்டாம் தரநிலைப் பதிப்பு செயலி ஒன்றுக்கு 17,500 அமெரிக்க டாலர் என்றும், ஆண்டு ஆதரவுக் கட்டணம் உரிம விலையில் 22 விழுக்காடு என்றும் குறிக்கப்பட்டிருந்தது. இதன்படி ஒரு செயலிக்கு ஆண்டுதோறும் 3,850 டாலர் ஆதரவுக் கட்டணமாகும்; ஐந்தாண்டு மொத்தச் செலவு 36,750 டாலர். பேரத்தில் தள்ளுபடி கிடைப்பதுண்டு.

இலவசப் பதிப்புகளுக்கும் வரம்புகள் உள்ளன. மைக்ரோசாப்ட்டின் எசுகியூஎல் சர்வர் எக்சுபிரசு, 2008 ஆர்2 முதல் 2022 வரையான பதிப்புகளில், தரவுத்தளம் ஒன்றுக்கு 10 கிகாபைட்டு மட்டுமே அனுமதித்தது. அவ்வளவை எட்டிய நிறுவனம் பழைய பதிவுகளை நீக்கவோ, கட்டணப் பதிப்பை வாங்கவோ வேண்டியிருந்தது.

முதன்மையான மென்பொருட்கள்

போசுட்கிரெசுகியூஎல்: 1986ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் இசுடோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத்திட்டத்திலிருந்து வளர்ந்தது. தற்பெயரை 1996ல் பெற்றது. 2005ல் வெளிவந்த 8.0 பதிப்பு முதல் விண்டோசு இயங்குதளத்தில் நேரடியாக இயங்குகிறது.

மையெசுகியூஎல்: 1995ல் சுவீடனில் உருவானது. 2008ல் சன் நிறுவனமும், சன் நிறுவனத்தை 2010ல் ஆரக்கிளும் வாங்கின. இதன் மூல ஆசிரியர்களுள் ஒருவரான மைக்கேல் விடேனியசு 2009ல் மரியாடிபி என்னும் கிளையைத் தொடங்கினார். நிறுவனம் கைமாறினும் நிரல் பயனரிடமே எஞ்சும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

எசுகியூலைட்: 2000ல் டி. ரிச்சர்ட் இப் உருவாக்கியது. தனி வழங்கி தேவையில்லை. ஒரே கோப்பில் அடங்கும். ஒரே மேசையில் நடக்கும் பணிகளுக்கு ஏற்றது.

தோல் தொழிற்பகுதியில் தேவை

காவேரிப்பாக்கத்தைக் கடந்து மேற்கே செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலும் அதன் அருகிலும் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்கள் அமைந்துள்ளன. பதனிடும் ஆலைகளில் பதிவுப் பணி சிக்கலானது. தோல் எண்ணிக்கையாக வருகிறது. சதுர அடியாக விற்கப்படுகிறது. ஒரே தொகுதி 'வெட் புளூ' நிலைக்குப் பின் தரம் பிரிக்கப்பட்டு, பல கட்டளைகளுக்குச் செல்லக்கூடும். தோலின் மூலத்தை வெளிநாட்டுக் கொள்வோர் கேட்கும்போது தொகுதி எண் வழியே பின்னோக்கித் தேட இயலாவிடில் கட்டளை கைநழுவக்கூடும். தனித்தனி விரிதாள்களில் இத்தொடர்பு எளிதில் அறுந்துவிடும். தொடர்புசால் தரவுத்தளத்தில், மூலத் தொகுதி இல்லாத பதிவை ஏற்காதவாறு கட்டுப்பாடு விதிக்கலாம்.

2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் இந்திய நிறுமங்களின் மென்பொருளில், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் காட்டும், முடக்க இயலாத தணிக்கைத் தடம் இருத்தல் கட்டாயமாகும். தூண்டி நிரல்களைக் கொண்டு திருத்தங்களைத் தனி அட்டவணையில் பதியலாம். ஆனால் மேலாளர் கடவுச்சொல் பலரிடம் இருப்பின் அத்தடம் நம்பத்தக்கதன்று.

பொதுத்துறை அனுபவம்

தமிழ்நாடு மின்னணுவியல் நிறுவனம் (எல்காட்), சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006–2007 காலத்தில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாற்றியது. இது தரவுத்தள மாற்றமன்று எனினும், தமிழக அலுவலகங்களில் கட்டற்ற மென்பொருள் பயன்பாட்டுக்கு முன்னோடியாயிற்று. கேரள மாநில மின்வாரியம் 'ஒருமா' என்னும் மின்கட்டண மென்பொருளைத் தன் ஊழியர்களைக் கொண்டே போசுட்கிரெசுகியூஎல் மீது உருவாக்கியது. இந்திய அரசு 2015ல் திறமூல மென்பொருட் கொள்கையை வெளியிட்டது.

மாற்றத்தின் இடர்கள்

தரவுத்தளத்தை மாற்றுவது கோப்புகளை நகலெடுப்பது போன்றதன்று. ஆரக்கிளில் வெற்றுச் சரமும் மதிப்பின்மையும் ஒன்றே; போசுட்கிரெசுகியூஎல்லில் இவை வேறானவை. ஆரக்கிளின் தேதி வகையில் நேரமும் அடங்கும். போசுட்கிரெசுகியூஎல்லின் தேதி வகையில் அடங்காது. இவ்வேறுபாடுகளைக் கவனியாவிடில் பிழைச்செய்தி எதுவுமின்றியே கூட்டுத்தொகைகள் மாறக்கூடும். எனவே பழைய, புதிய முறைமைகளை ஒரு கணக்கு மாதமேனும் இணையாக இயக்கி, இருப்பையும் பற்றுவரவையும் ஒப்பிடுதல் வழக்கம்.

காப்புப்படியை வேறொரு கணினியிலும், ஆலைக்கு வெளியிலும் வைத்தல் வேண்டும். அதை அவ்வப்போது மீட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. மீட்டுச் சோதிக்காத காப்புப்படி பயன்படுமா என்பது வட்டு பழுதாகும் நாளிலேயே தெரியவரும். உரிமத்தில் மிச்சமாகும் தொகையின் ஒரு பகுதியை இப்பணிக்கும், அதைச் செய்யும் ஊழியரின் பயிற்சிக்கும் ஒதுக்கும் நிறுவனத்துக்கே செலவுக் குறைப்பு நிலைக்கும்.

இவற்றையும் பார்க்க

கட்டற்ற மென்பொருள்
தொடர்புசால் தரவுத்தளம்
தோல் பதனிடுதல்
காவேரிப்பாக்கம்