குழல் மாறினால் துப்பாக்கி மாறுமா?

போடிப் பக்கத்திலிருந்து மலையேறிச் சூரியநெல்லியில் குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை புதிதன்று. பயிரை அழிக்கும் பன்றிகளை உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரரைக் கொண்டு சுடுவிக்கும் அதிகாரத்தை 2022-இல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. அதன்பின் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சு எங்கள் ஊரில் வலுத்திருக்கிறது. "குழலை மட்டும் கழற்றிவிட்டு, வேறு அளவுத் தோட்டாவுக்கு ஏற்ற குழலைப் பூட்டினால் ஆகாதா? நல்ல கடைசல் பட்டறை போதுமே!" என்பார் உளர். இயற்பியல் படிக்கிறவன் என்பதால் இக்கேள்வி என்னிடமும் வந்தது. விடையை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் எண்ணின் பொருளை அறிவோம். ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகுபோல் வரிப்பள்ளங்கள் ஓடும். அவை குண்டைச் சுழற்றி விடுகின்றன. சுழலும் பம்பரம் சாயாதிருப்பதுபோல, சுழலும் குண்டும் நேரே செல்கிறது. பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளின் குறுக்களவே இங்கு நாம் பேசும் ரைபிள்களுக்குப் பெயராயிற்று. .303 என்பது 7.7 மில்லிமீட்டர்; .315 என்பது 8 மில்லிமீட்டர். இச்சிறு வேறுபாட்டுக்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது.

வெள்ளையர் ஆட்சியில் .303 படையினரின் தோட்டா. அது பொதுமக்கள் கைக்குப் போகலாகாது என்று அரசு தடுத்தது. வேட்டைக்காரர் என் செய்வர்? லீ-என்பீல்டு ரைபிளின் அதே உடலில், ஆஸ்திரியாவின் மான்லிச்சர் ரைபிளுக்கென்று பிறந்த 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற குழல் பூட்டப்பட்டது. அதுவே இந்தியாவில் .315 என்று பெயர் பெற்றது. விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையும் இவ்வகை ரைபிளைச் செய்தது.

இம்மாற்றம் எளிதானது எவ்வாறு? இரு தோட்டாக்களின் அடியிலும் விளிம்பு உண்டு. இரண்டின் குறுக்களவும் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். ஆகவே தோட்டாவை உள்ளே தள்ளித் தாங்கும் போல்ட்டை அடியோடு மாற்ற வேண்டியதில்லை.

7.62 மில்லிமீட்டர் நேட்டோ தோட்டாவின் கதை வேறு. அதற்குப் புடைத்த விளிம்பு இல்லை. அதன் தோள்தான் தோட்டா அறையில் முட்டி நிற்கும். அழுத்தமும் .303-ஐவிட மிகுதி. 1962 சீனப் போரை அடுத்து லீ-என்பீல்டை இத்தோட்டாவுக்கு ஏற்றபடி அமைத்த இஷாப்பூரார், குழலோடு நிற்கவில்லை. உடலை மேலான எஃகில் செய்தனர். தோட்டாவைக் கவ்வி இழுக்கும் உறுப்பையும் தோட்டாப் பெட்டியையும் மாற்றினர். பிரிட்டனோ பழைய ரைபிள்களுக்கே 7.62 அளவில் கனத்த குழல் பூட்டி, 1970-இல் எல்42ஏ1 என்ற பெயரில் படைக்கு அளித்தது. அவை வலுமிக்க உடல் கொண்ட நான்காம் எண் ரைபிள்கள் என்பதை மறக்கலாகாது.

சுடும் கணத்தில் உள்ளே எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் மூவாயிரம் மடங்குக்கு மேல். மெல்லிய பித்தளைக் கூடு தனியே அதைத் தாங்காது. சுற்றிலும் தோட்டா அறையும் பின்னே போல்ட்டும் அணைத்து நிற்பதால்தான் அது தப்புகிறது. அங்கே சிறிது இடைவெளி மிகுந்தாலும் கூடு நீண்டு அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். குண்டு குழலுக்குப் பெரிதாயின் அழுத்தம் எகிறும். சிறிதாயின் வரிகளைப் பற்றாமல் தள்ளாடிப் பறக்கும், குறி தவறும். அடிபட்டுச் சாகாத பன்றி ஏலக்காட்டுக்குள் புகும். மறுநாள் காலையில் அங்கே காயெடுக்கச் செல்வோர் நம் தாய்மாரும் தங்கையருமே!

சட்டமும் இதை விளையாட்டாகக் கருதவில்லை. துப்பாக்கியை மாற்றியமைக்கவும், பழுதுபார்க்கவும், சோதித்துப் பார்க்கவும் உரிமம் வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. புதுக் குழல் பூட்டிய துப்பாக்கியை வழக்கத்தைவிட மிகுந்த அழுத்தம் தரும் தோட்டாவால் சுட்டுப் பார்த்து முத்திரையிடுவதே முறை. கடைசல் பட்டறையில் அதற்கு வழி ஏது?

குண்டு, கூடு, தோட்டா அறை, போல்ட், எஃகு ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. ஒன்றை மாற்றத் துணிந்தவர் மற்ற நான்குக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். விடுமுறையில் மலைநாட்டு ஊர்களுக்குச் செல்லும் தோழர்கள் இதனைத் தம் வீட்டாருக்கு எடுத்துரைப்பின், ஓர் உயிரையேனும் காத்தவராவர்.