மீண்டும் நீர்வண்ணம்

பள்ளிப் பருவத்தில் நீர்வண்ணம் தீட்டிவிட்டுப் பிறகு தூரிகையைத் தொடாதவர்கள் பலர். கேட்டால், நேரமில்லை என்பார்கள். சிங்கப்பூர் ஆற்றை அழகுறத் தீட்டிய லிம் செங் ஹோ (1912–1979) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர்தான்.

பழைய பெட்டியில் வண்ணங்கள் கல்லாய் இறுகியிருக்கலாம். அவற்றைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. நிறப்பொடியைப் பிணைத்திருப்பது வேலமர இனத்தின் பிசின். சில துளி நீர் பட்டால் அது மீண்டும் கரையும்.

சிரமம் நிறங்களைக் கலப்பதில்தான் இருக்கிறது. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்பது பாடம். ஆனால், ஆரஞ்சுச் சாயலுள்ள சிவப்பைப் பச்சைச் சாயலுள்ள நீலத்துடன் கலந்தால் சேற்று நிறமே கிடைக்கும். ஏனெனில், அவ்விரு சாயல்களிலும் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் கூடினால் நிறம் மங்கிவிடும். தெளிவான ஊதாவுக்கு, ரோஜாச் சாயலுள்ள சிவப்பும் அல்ட்ராமரின் நீலமும் வேண்டும்.

மங்கல் நிறத்துக்கும் வேலை உண்டு. அதே அல்ட்ராமரினுடன் பர்ன்ட் சியென்னா என்னும் செம்பழுப்பைச் சேர்த்தால், மழைமேகத்தின் சாம்பல் நிறம் பிறக்கும். கறுப்பில் நீர் ஊற்றிச் செய்யும் சாம்பலில் இந்த உயிர்ப்பு இராது. மேகத்தின் வெள்ளை விளிம்புக்கோ வண்ணமே தேவையில்லை. அவ்விடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும்.