நீதித்துறையினரும் மனித உரிமைப் பயிற்சியும்

சட்டம் கற்ற நீதிபதிக்கும் சட்டத்தரணிக்கும் மனித உரிமைப் பயிற்சி எதற்கு என வினவப்படுவதுண்டு. உடன்படிக்கைகளின் வாசகத்தை அறிவது வேறு, வழக்கு விசாரணையில் அவற்றைக் கையாள்வது வேறு என்பதே எமது கருத்து.

குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நோக்குவோம். இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த ஒப்புதலை எதிரிக்கு மாறான சான்றாக ஏற்பதில்லை. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்ட தரத்தினரிடமோ அளித்ததை ஏற்புடையதாக்கியது. அது அச்சுறுத்திப் பெறப்பட்டதென எண்பிக்கும் சுமையையும் எதிரி மீதே ஏற்றியது. இலங்கையர் ஒருவரின் முறைப்பாட்டில், இது நீதியான விசாரணைக்கான உரிமைக்கு முரணென 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கண்டது. ஆயினும், 2006இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை மீளாய்வு செய்ய மறுத்தது.

ஆகவே, பயிற்சி இங்கிருந்தே தொடங்கவேண்டும். வாக்குமூலம் எதிரி அறிந்த மொழியிலா எழுதப்பட்டது, அதற்குமுன் எத்தனை நாள் தடுப்பிலிருந்தார் என நீதிபதி வினவவேண்டும். வழக்குத்தொடுநர் சட்ட வைத்திய அறிக்கையை முதலிற் படிக்கவேண்டும். எதிரியின் சட்டத்தரணி காயங்களை முதல் நாளே மன்றின் பதிவேட்டில் இடம்பெறச் செய்யவேண்டும். இவை சட்டத் திருத்தத்துக்கு மாற்றீடு அல்ல. அது வரும்வரை ஒரு மனிதனின் வாழ்வு இவ்வினாக்களிலேயே தங்கியிருக்கின்றது.