உங்களுக்குத் தெரியுமா? ஏலம் போன குரங்கு

‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’ இசை நாடகம் தொடங்குவதே ஓர் ஏலத்தில்தான். பாரிஸ் ஓபராவின் பழம்பொருள்களுக்கு நடுவே ஓர் இசைப்பெட்டி வருகிறது. அதன்மேல் பாரசீக உடுப்பு அணிந்து ஜால்ரா தட்டும் குரங்கு. முதியவர் ராவுல் அதை 30 ஃபிராங்குக்கு எடுக்கிறார். காதலி கிறிஸ்டின் வாய் ஓயாமல் சொன்ன குரங்கு அல்லவா!

1986-இல் லண்டனில் அரங்கேறிய நாடகம் இது. நியூயார்க்கில் மட்டும் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள். அந்தக் குரங்கு பஞ்சு பொம்மையாகவும் ரசிகர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. ‘லயன் கிங்’ இசை நாடகம் பார்த்தவர்கள் சிம்பாவையும், ‘விக்கிட்’ இசை நாடகம் பார்த்தவர்கள் இறக்கை முளைத்த குரங்கையும் வாங்கிச் செல்வதுண்டு. ஆனாலும் என் ஓட்டு ஜால்ராக் குரங்குக்கே. மற்றவை கதாபாத்திரங்களின் சாயல். இதுவோ கதைக்குள்ளேயே ஒரு நினைவுப்பொருள்.

தேர்ந்த சேகரிப்பாளர்கள் இத்தகைய பொம்மையில் தொங்கும் அட்டையைக் கத்தரிக்க மாட்டார்கள். எந்த நாடகத்துக்காக, யார் தயாரித்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அட்டை போனால் பொம்மையின் மதிப்பும் குறையும்.