ஓபன் ஆபீஸ் வீட்டில் ஒரு தனிக்குடித்தனம்!

ஊரே கூடி, பைசா வாங்காமல், பத்து வருடம் உழைத்துக் கட்டிய வீடு. திடீரென்று ஒருநாள் இடத்தின் சொந்தக்காரர் மாறிவிடுகிறார். புதியவர், ‘இருங்கள்’ என்றும் சொல்லவில்லை. ‘கிளம்புங்கள்’ என்றும் சொல்லவில்லை. உழைத்தவர்கள் என்ன செய்வார்கள்?

2010-ல் ‘ஓபன் ஆபீஸ்’ தன்னார்வலர்களுக்கு இதுதான் நடந்தது. கடிதம் அடிக்க, கணக்குப் போட, ஸ்லைடு தயாரிக்க... காசு கொடுத்து வாங்கும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைத்த மென்பொருள் அது. பள்ளிக்கூடங்கள், சின்னக் கடைகள், அரசு அலுவலகங்கள் என்று உலகம் முழுக்கப் புழங்கியது.

இதன் பூர்வீகம் ஜெர்மனி. 1985-ல் மார்கோ போரிஸ் என்ற இளைஞர் லூனபர்க் நகரத்தில் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் கம்பெனியின் படைப்பு. 1999-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கியது. காரணம் சுவாரஸ்யமானது. சுமார் 42,000 ஊழியர்களுக்கும் மைக்ரோசாஃப்டிடம் லைசென்ஸ் வாங்குவதைவிட, ஆபீஸ் மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியையே வாங்கிவிடுவது மலிவாக இருந்ததாம்! சன்னில் பொறுப்பில் இருந்த சைமன் ஃபிப்ஸ் பின்னாளில் சொன்ன கதை இது.

2000-ல் அந்த மென்பொருளின் சோர்ஸ் கோடை சன் பொதுவில் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால், ஒரு கொக்கி இருந்தது. தன்னார்வலர் எழுதும் கோடு உள்ளே போக வேண்டுமென்றால், அதன் காப்புரிமையில் சன்னுக்கும் பங்கு என்று கையெழுத்துப் போட வேண்டும். அதோடு, ‘ஓபன் ஆபீஸ்’ என்ற பெயரும் கம்பெனி வசம்தான். ‘உழைப்பு எங்களுடையது, சாவி மட்டும் உங்களிடமா?’ என்ற புகைச்சல் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

இந்த நிலையில்தான், 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கி முடித்தது. ஆரக்கிள் கறாரான வியாபாரி. அந்த ஆகஸ்ட்டிலேயே ஜாவா விவகாரத்தில் கூகுள் மீது வழக்குப் போட்டது. சன்னின் இன்னொரு திறந்த திட்டமான ஓபன் சோலாரிஸ் கவனிப்பாரின்றிப் போய், அதன் நிர்வாகக் குழு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. பக்கத்து வீடு இடிவதைப் பார்த்த ஓபன் ஆபீஸ்காரர்கள், ‘அடுத்தது நாம்தானோ’ என்று பயந்ததில் நியாயம் இருந்தது.

2010 செப்டம்பர் 28. முக்கியத் தன்னார்வலர்கள் சேர்ந்து ‘டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பை அறிவித்தார்கள். கோடைப் பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் கிளம்பினார்கள். லைசென்ஸ் அதை அனுமதித்தது. பெயரைத்தான் கொண்டுபோக முடியாது. அதனால் ‘லிப்ரே ஆபீஸ்’ என்று தற்காலிகமாக ஒரு பெயர் வைத்தார்கள். ‘லிப்ரே’ என்றால் பிரெஞ்சு, ஸ்பானிஷ் மொழிகளில் சுதந்திரம் உள்ள என்று பொருள். சண்டைபோட்டுக்கொண்டும் போகவில்லை. ‘நீங்களும் வாருங்கள், பழைய பெயரையும் கொடுங்கள்’ என்று ஆரக்கிளை அழைத்துவிட்டுத்தான் காத்திருந்தார்கள்.

பதில் அக்டோபரில் வந்தது. புதிய அமைப்பில் இருப்பவர்கள் ஓபன் ஆபீஸ் சமூகக் குழுவிலிருந்து விலக வேண்டும். இரண்டு படகில் கால் வைக்க முடியாது என்றது ஆரக்கிள் தரப்பு. கம்பெனியின் கோணத்தில் இது நியாயமாகக்கூடத் தோன்றலாம். சம்பளம் கொடுத்து டெவலப்பர்களை வைத்திருந்தது அவர்கள்தானே? ஆனால், விளைவு நேர்மாறானது. ஜெர்மன் குழுவைச் சேர்ந்த 33 பேர் ஒரே கடிதத்தில் விடைபெற்றார்கள். தன்னார்வலரை வேலையைவிட்டு நீக்க முடியாது, அவராகத்தான் போவார். அப்படிப் போகும்போது, பத்து வருட அனுபவமும் கூடவே போய்விடும்.

தனிக்குடித்தனம் என்றால் முதலில் செலவு கண்ணைக் கட்டுமே? ஜெர்மனியில் அறக்கட்டளை தொடங்க 50,000 யூரோ மூலதனம் தேவைப்பட்டது. 2011 பிப்ரவரியில் மக்களிடம் கேட்டார்கள். எட்டே நாளில் சேர்ந்துவிட்டது!

பணத்தைவிடக் கஷ்டமான வேலை ஒன்று காத்திருந்தது. கோடு எழுதுபவர்கள், ‘இந்த வரி எதற்காக’ என்று நடுநடுவே குறிப்பு எழுதி வைப்பார்கள். பிறந்த இடம் ஜெர்மனி அல்லவா... ஆயிரக்கணக்கான குறிப்புகள் ஜெர்மன் மொழியில் இருந்தன. ஜெர்மன் தெரியாத புதியவருக்கு அது இருட்டறை. ‘கோடு எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஜெர்மன் தெரிந்தால் வாருங்கள்’ என்று அழைத்து, வருடக்கணக்கில் அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். யாரும் கைதட்டாத வேலை. வீட்டைக் கூட்டிப் பெருக்குவதுபோல.

காப்புரிமைக் கையெழுத்தும் வேண்டாம் என்றார்கள். எழுதியவருக்கே உரிமை. புதியவர்கள் தயங்காமல் வந்தார்கள். லினக்ஸ் உலகமும் பக்கம் மாறியது. 2011 ஏப்ரலில் வந்த உபுண்டுவில் லிப்ரே ஆபீஸ்தான் இருந்தது. இன்று அதன் மெனுக்களைத் தமிழிலும் பார்க்கலாம்.

அதே ஏப்ரலில் ஆரக்கிள், ஓபன் ஆபீஸ் வியாபாரத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜூனில் கோடையும் பெயரையும் கொடுத்தது... ஆனால், விலகிப் போனவர்களுக்கு அல்ல, அப்பாச்சி அறக்கட்டளைக்கு. தாத்தா கொடுத்த பெயர் கடைசிவரை இவர்கள் கைக்கு வரவே இல்லை. கேட்ட நேரத்தில் அதைக் கொடுத்திருந்தால், ஆரக்கிளுக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். பழகிய பெயர் ஓபன் ஆபீஸ். தேடிப் போய் இறக்கிக்கொள்வதும் அதையேதான். ஆனால், அதன் கடைசிப் பெரிய பதிப்பு 2014-ல் வந்த 4.1. அதன் பிறகு வருவதெல்லாம் சின்னச் சின்னப் பழுது பார்ப்புகள். 2020 அக்டோபரில், ‘உங்களிடம் வருபவர்களுக்கு நாங்கள் இருப்பதையாவது சொல்லுங்கள்’ என்று லிப்ரே ஆபீஸ் தரப்பு பகிரங்கக் கடிதமே எழுதியது.

தனிக்குடித்தனத்திலும் உரசல் இல்லாமல் இல்லை. லிப்ரே ஆபீஸின் கோடில் பெரும்பகுதியை எழுதுவது, கொலாபோரா போன்ற கம்பெனிகளில் சம்பளம் வாங்கும் டெவலப்பர்கள்தான். பெரிய அலுவலகங்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்திவிட்டு ஒரு ரூபாய்கூடத் தராவிட்டால், அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும்? 2020 ஜூலையில் 7.0-வின் சோதனைப் பதிப்பில் ‘பெர்சனல் எடிஷன்’ என்ற முத்திரை தென்பட்டது. ‘வீட்டுக்கு மட்டும்தான் இலவசமா? நீங்களும் ஆரக்கிள் ஆகிவிட்டீர்களா?’ என்று கொதித்தார்கள் தன்னார்வலர்கள்.

இந்த முறை நிர்வாகம் மௌனமாக இருக்கவில்லை. இலவசம் இலவசம்தான் என்று உடனே விளக்கம் கொடுத்தது. இறுதிப் பதிப்பில் அந்த முத்திரையை எடுத்தும்விட்டது. 2021 பிப்ரவரியில் 7.1 வந்தபோது, பெயருக்குப் பக்கத்தில் வேறு ஒரு சொல் இருந்தது: ‘கம்யூனிட்டி’.